மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி

போன மாதம் தங்கை மகன் ஒரு குறும்படக் கதையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். ஈப்போவில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறு ஆனால் கூட்டாளிகளோடு சேர்ந்து படம் எடுப்பான். கதை மொத்தம் 14 பக்கம். "பெரியம்மா, எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க, போதும்" என்றான். தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவளிடம் மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எல்லாரும் கேட்பது இதைத்தான். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

கதை சயாம் மரண ரயில். இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர், ஆட்களைக் கொண்டுபோய்ச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை. ஆனால் சிரிப்புப் படம். முழுக்க நையாண்டி.

முதல் காட்சி 1943. ஒரு பட்டணத்துச் சினிமாக் கொட்டகை. வாசலில் 'இன்று எல்லாருக்கும் இலவசம்' என்று பலகை தொங்குகிறது. தோட்டத்து ஆட்கள் முண்டியடித்து உள்ளே போகிறார்கள். விளக்கு அணைகிறது. திரையில் சார்லி சாப்ளின், ஹிட்லரைப் போல மீசையும் உடுப்புமாக, உலக உருண்டையைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டு விளையாடுகிறார். கொட்டகையே குலுங்கிச் சிரிக்கிறது. சிரிப்பு ஓயும் முன்பே பின்னால் ஒவ்வொரு கதவாகச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்கிறது. விளக்கு எரிந்தால் சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள். அடுத்த காட்சியில் எல்லாரும் ரயிலில்.

படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இப்படி நடந்திருக்கிறது. மலாயாவில் இலவசப் படம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே சயாம் ரயிலில் ஏற்றிய கதை வரலாற்று நூல்களில் இருக்கிறது. எங்கள் பாட்டியும் சொல்லியிருக்கிறார். எந்த ஊர்க் கொட்டகை என்று பாட்டிக்குத் தெரியாது. "சும்மா படம் காட்டறேன்னான். பாக்கப் போனவன் வேட்டியோட போனான்" என்பார். மாற்றுத்துணிகூட இல்லாமல் போனான் என்று அர்த்தம்.

ஆனால் திரையில் சாப்ளின் ஓடியிருக்க முடியாது. ஹிட்லரைக் கிண்டல் செய்து அவர் எடுத்த தி கிரேட் டிக்டேட்டர் 1940இல் வந்த படம். அதில் முசோலினியையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானின் கூட்டாளி நாடுகள். 1943இல் அமெரிக்க, பிரிட்டிஷ் படங்களையே ஜப்பானியர் இங்கே ஒழித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் அந்தப் படம் திரைக்கு வந்ததே 1960இல்தான். அந்தக் கொட்டகையில் ஜப்பானியச் செய்திப் படம் ஓடியிருக்கும், இல்லாவிட்டால் பழைய இந்தியப் படம் ஏதாவது ஓடியிருக்கும்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கை மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் முகம் வாடிவிட்டது.

"பெரியம்மா, அது ஒரு சிம்பல். அதுவும் காமெடி படம். புலிகேசில யாரு வரலாறு பாத்தா?"

சரியான கேள்வி. எனக்கும் இம்சை அரசன் 23ம் புலிகேசி பிடிக்கும். வெள்ளைக்காரன் காலத்து ராஜா அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு அக்காமாலா, கப்ஸி என்று குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்வார். அதில் வரலாற்றுப் பிழை தேடினால் தேடுகிறவர்தான் பாவம். அந்தப் பாளையமும் இல்லை, அந்த ராஜாவும் இல்லை. படம் முதல் காட்சியிலேயே அதைச் சொல்லிவிடுகிறது, நாமும் ஒத்துக்கொண்டு சிரிக்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எவரும் வீட்டுக்குப் போய், நம் தாத்தாவின் தம்பி இப்படித்தான் செத்தாரா என்று கேட்கப்போவதில்லை.

தம்பியின் கதையைப் பார்த்தால் கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள்.

பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அம்மா. 1943இல் பாட்டிக்கு 17 வயது, கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கிருந்து ஆறு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்ததற்கு அடையாளம் ஒரு கிணறு மட்டும். தாத்தாவுக்கு அப்போது குளிர்காய்ச்சல், எழுந்து நிற்க முடியாத நிலை. அதனால் அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி சயாமுக்குப் போனார். எங்களுக்குச் சின்னத் தாத்தா. வயது 19. திரும்பி வரவில்லை.

பாட்டி இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது புரியாது. ஜப்பான்கார அதிகாரி நடந்து வருவதை நடித்துக் காட்டுவார். கட்டை மனுஷன், இடுப்பு வாள் தரையில் இழுபடும், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்துச் சேற்றில் வருவார். எல்லாரும் குனிந்து கும்பிட வேண்டும். குனிந்தது போதாது என்றால் "பகேரோ!" என்று கத்திக் கன்னத்தில் அறை. இரண்டு பேத்திகளை எதிரெதிரே நிற்கவைத்து, ஒருத்தியைக் குனியச் சொல்லி, "இன்னும், இன்னும்" என்று பாட்டி அதட்டும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்புறம் கடிகாரக் கதை. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாக் கடிகாரத்தை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டான். ஒன்றரை மணி நேரம் முன்னால். அதனால் கடிகாரத்தில் எட்டு மணி ஆனால்தான் இங்கே கிழக்கு வெளுக்கும். ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பது, என்றால் கும்மிருட்டு. அந்த இருட்டில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் வரிசையில் நிற்பார்கள். "சேவலுக்கு மட்டும் எவனும் சொல்லல. அது பழைய நேரத்துக்கே கூவிச்சு" என்பார் பாட்டி.

ஆனால் ஒன்றை மட்டும் பாட்டி விளையாட்டுக்குக்கூட மாற்ற மாட்டார். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு. தாத்தா எப்போதாவது "பன்னிரண்டு பேரு" என்று சொல்லிவிட்டால் போதும், பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். "பதினொண்ணு. மரவள்ளிக்கிழங்கு வேகவச்சு எலையில பொட்டலம் கட்டிக் குடுத்தவ நானு. பதினோரு பொட்டலம்." அரிசி இல்லாத காலம். பால்வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோய், ரப்பர் மரத்துக்கு நடுவே கிழங்கு போட்டிருந்தார்கள். ரப்பர் பால் பிடிக்கும் மங்கைக் கழுவி எடுத்து அதில் கஞ்சி குடித்தார்களாம். 11 பேர் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள். அதில் ஒருவருக்குக் கால் புண் எலும்புவரை போயிருந்தது. அந்தத் தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். ஊன்றுகோலோடு மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

வாளை நடித்துக் காட்டும்போது பாட்டி எவ்வளவு வேண்டுமானாலும் மிகைப்படுத்துவார். பொட்டலக் கணக்கில் ஒன்று கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். கொடுமைபற்றிய நையாண்டிக்கு எவ்வளவு உண்மை வேண்டும் என்று தம்பி கேட்டபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்.

அவன் கதையில் நான் சிவப்பால் சுழித்த இடங்களில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். ஒன்று ரயில். ஜன்னல் வைத்த பெட்டியில், கைக்குட்டை ஆட்டி வழியனுப்பும் காட்சி எழுதியிருந்தான். போனவை சரக்கு வேகன்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் அதே மாதிரி வேகனில், ஒன்றுக்கு முப்பது பேர் என்று அடைத்து, நாலைந்து நாள் ஓட்டித்தான் சயாமில் பான் போங் என்ற இடத்தில் இறக்கினார்கள். அந்தத் தண்டவாளம் நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. இன்றைக்கும் ஊர் வழியாக ரயில் ஓடுகிறது.

இன்னொன்று துணி. எல்லாரும் வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. 1943இல் தோட்டத்தில் துணி ஏது? கோணிப்பையைத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுக்கும் காட்சியில் பிரிட்டிஷ் நோட்டு. அப்போது புழங்கியது ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு, பத்து வெள்ளி (டாலர்) தாளில் வாழைமரப் படம் போட்டது. சண்டை முடிந்த மறுநாள் அதற்கு அடுப்பெரிக்கும் மதிப்புத்தான்.

கடைசித் திரையில் ஒரு பெரிய எண் போட்டிருந்தான், இத்தனை லட்சம் தமிழர்கள் கொல்லப்பட்டனர் என்று. எங்கிருந்து எடுத்தாய் என்றால் வாட்ஸ்அப்பில் வந்ததாம். அதை அடித்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பாதை 415 கிலோமீட்டர், பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனையும் சேர்ந்தன. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், அதில் செத்தவர்கள் 12,000க்கும் மேல். அவர்களுக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 80,000 முதல் 100,000 வரை என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில் அடக்கம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது மருத்துவரும் இல்லாமல், ஒழுங்குபடுத்த ஆளும் இல்லாமல் கொத்துக் கொத்தாகச் செத்தவர்கள் இவர்கள். இந்தக் கணக்கே மனிதனைச் சாய்க்கப் போதும். இதை ஒருவர் பெருக்கிச் சொல்லி, இன்னொருவர் அது பொய் என்று நிரூபித்துவிட்டால், பாட்டியின் 11 பொட்டலத்தையும் சேர்த்தல்லவா குப்பையில் போட்டுவிடுவார்கள்?

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஹிட்லர் பத்தி அவ்வளவு காமெடி எடுத்திருக்கானே, அவன் எல்லாம் இப்படித்தான் கணக்குப் பாத்தானா?" என்று கேட்டான்.

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஹிட்லர் படங்களைப் பார்க்க உட்காருகிறவனுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறான், ஆவணப்படம் பார்த்திருக்கிறான், ஆஷ்விட்ஸ் என்ற பெயராவது காதில் விழுந்திருக்கிறது. அந்த அறிவின் மேல் நின்றுகொண்டு நையாண்டி ஆடலாம். ஜோஜோ ராபிட் படத்தில் ஹிட்லர் ஒரு சிறுவனின் கற்பனைத் தோழனாக வந்து கோமாளித்தனம் செய்தாலும், நிஜ ஹிட்லர் யார் என்று எவருக்கும் சந்தேகம் வராது. சாப்ளினே பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார்: ஜெர்மன் வதைமுகாம்களில் நடந்த கொடுமை முழுதாகத் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று. அவர் எடுத்தபோது பெருங்கொலை இன்னும் தொடங்கவில்லை. தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்து மனம் கூசியிருக்கிறார். அந்தக் கூச்சம் எனக்கு அவர்மேல் மரியாதையை அதிகமாக்கியது.

சயாம் ரயிலுக்கு அந்த அடித்தளம் இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு படம், 1957இல் வந்த தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய். அது நையாண்டிகூட இல்லை, பெரிய போர்ப்படம். ஏழு ஆஸ்கர் வாங்கியது. எடுத்தது இலங்கையில், கித்துல்கல என்ற இடத்தில். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, பிரிட்டிஷ் கர்னல்தான் பெருமைக்காகக் கட்டிக் கொடுத்தார் என்பது கதை. நிஜத்தில் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் தாமர்கான் போர்க்கைதி முகாமில் மூத்த அதிகாரியாக இருந்த கர்னல் டூஸி அப்படி எதுவும் செய்யவில்லை. தன் ஆட்களை உயிரோடு காப்பாற்றப் போராடிய மனிதர். முகாமில் இருந்து மீண்டவர்கள் படத்தைப் பார்த்து மனம் நொந்தார்கள். ரயில்பாதையில் பெரும்பான்மையாக உழைத்துச் செத்த ஆசியத் தொழிலாளியை அந்தப் படத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். தமிழன் அடியோடு இல்லை.

2017இல் பள்ளி விடுமுறையில் நானும் என் தங்கையும் அந்தப் பாலம் இருக்கும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போனோம். நம்ம ஊர் ஸ்டேஷனில் ஏறி, எல்லையில் பாடாங் பெசாரில் மாறி, இரவெல்லாம் ஓடி, காலையில் பான் போங் என்ற பெயர்ப்பலகை ஜன்னலில் கடந்து போனதைப் பார்த்தோம். இருவரும் பேசவில்லை. காஞ்சனபுரியில் பாலம் இரும்புப் பாலம். படத்தில் வருவது மரப்பாலம். இன்னும் கேட்டால், அந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்குக் குவாய் என்று பெயரே இல்லை, அது மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டார் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்கக் கேட்க, 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஒரு படத்தின் பிழை ஒரு ஆற்றின் பெயரையே மாற்றியிருக்கிறது. பக்கத்துக் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள், ஒவ்வொருவருக்கும் கல், பெயர், வயது, வெட்டிவிட்ட புல். சின்னத் தாத்தாவுக்கு ஒரு கல் இருக்காது என்று தெரிந்துதான் போனோம். இருந்தாலும் தங்கை ஒரு வரிசை விடாமல் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

அதனால்தான் தம்பியிடம் சொன்னேன்: உன் படத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதற்கு முன்னால் எதுவும் தெரியாது. நீ எடுப்பதுதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். சாப்ளினுக்கு இருந்த வசதி உனக்கு இல்லை அய்யா.

சரி, துல்லியம் துல்லியம் என்று சொல்கிறேனே, அதை வைத்துப் படத்தையே கொல்லவும் முடியும். சீன இயக்குநர் ஜியாங் வென் 2000இல் எடுத்த டெவில்ஸ் ஆன் தி டோர்ஸ்டெப் படத்தைத் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன், அவன்தான் போட்டுக் காட்டினான். ஜப்பான் ஆக்கிரமிப்பின் கடைசிக் காலம். ஒரு சீனக் கிராமத்தான் வீட்டு வாசலில் எவனோ இரவோடு இரவாக இரண்டு கோணிப்பைகளை வைத்துவிட்டுப் போகிறான். ஒன்றில் ஜப்பானியச் சிப்பாய், இன்னொன்றில் அவனுடைய சீன மொழிபெயர்ப்பாளன். சிப்பாய்க்கு ஊராரை வாய்க்கு வந்தபடி திட்டிச் சாக வேண்டும் என்று ஆசை. எனக்கு நல்ல வசவு ரெண்டு சொல்லிக்கொடு என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்கிறான். அவனோ உயிர் பிழைக்க வேண்டுமே என்று புத்தாண்டு வாழ்த்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறான். சிப்பாய் பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவக்க, அண்ணா அண்ணி புத்தாண்டு வாழ்த்து என்று கத்துகிறான். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கடைசியில் அதே கிராமத்தில் விருந்து, பாட்டு, கூத்து. அந்த விருந்திலிருந்தே கொலை தொடங்குகிறது. ஒருவரையும் விடவில்லை. சிரித்த வாயை மூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கான் விழாவில் அந்தப் படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. சீனாவில் தடை. ஊர்மக்கள் ஜப்பானியன்மேல் போதுமான வெறுப்பைக் காட்டவில்லை என்பது அதிகாரிகள் சொன்ன குறைகளில் ஒன்று. எங்கள் மக்கள் அப்படி இல்லை, வரலாறு அப்படி இல்லை என்று சொல்லி உண்மையான படத்தைப் பெட்டிக்குள் வைக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பயந்துபோன குடியானவன் பயந்தவனாகத்தான் இருப்பான். வீரனாகக் காட்டினால்தான் பொய்.

நம்மிடமும் அந்த ஆபத்து உண்டு. தம்பியின் கதையில் எல்லாத் தமிழரும் அப்பாவி, ஜப்பான்காரன் ஒருவன் மட்டும் பல் நீண்ட முட்டாள். அம்மா வழித் தாத்தா வீட்டில் சாகும்வரை நேதாஜி படத்துக்கு மாலை போட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தப் படைக்குத் துணை நின்றவனும் ஜப்பான்காரன்தான். இதை எல்லாம் 20 நிமிஷப் படத்தில் அடைக்க முடியாது. ஆனால் சுவரில் ஒரு நேதாஜி படம் மாட்டலாம். பார்க்கிறவன் குழம்பட்டும், குழம்பித்தான் இருந்தார்கள்.

பெரிய மாற்றம் கிராணி (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) காட்சியில் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். ரோபர்டோ பெனினியின் லைஃப் இஸ் பியூட்டிஃபுல், 1997. அதில் வதைமுகாமுக்குள் ஜெர்மன் அதிகாரி வந்து விதிகளைக் கத்துவான். யாருக்கு ஜெர்மன் தெரியும் என்று கேட்கும்போது, ஒரு வார்த்தையும் தெரியாத அப்பா கையைத் தூக்குவார். அதிகாரி சொல்லச் சொல்ல, தன் பிள்ளைக்காக, இது ஒரு விளையாட்டு, 1000 புள்ளி எடுத்தால் நிஜ டாங்கி பரிசு, அழுதால் புள்ளி போச்சு, பசிக்கிறது என்றால் புள்ளி போச்சு என்று மொழிபெயர்ப்பார். அந்த முகாமில் அத்தனை நாள் ஒரு குழந்தையை ஒளித்து வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது. குழந்தைகளை வந்த அன்றே கொன்றார்கள். பிணக்குவியலைப் பனிமூட்டத்துக்குள் ஓவியம் மாதிரி காட்டியதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் பொய் இல்லை. யார் யாரை ஏமாற்றுகிறார், எதற்காக என்பது அதில் சரியாக இருக்கிறது. பெனினியின் அப்பா பெர்கன்-பெல்சன் முகாமில் இருந்து மீண்டவர். அந்த வீட்டிலும் யாரோ எங்கள் பாட்டி மாதிரி கதை சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு மொழிபெயர்ப்பு நடந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார், ஆபீசில் மிச்சம் இருந்தது கிராணிதான். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று மேலிருந்து கணக்கு வந்துவிட்டது. இருட்டுப் பெரட்டில் அதிகாரி வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீளமாக என்னவோ கத்தினான். கூட வந்தவன் அதை மலாயில் சுருக்கிச் சொன்னான். கிராணி அதை இன்னும் சுருக்கித் தமிழில் சொன்னார்: "மூணு மாசம். நாளுக்கு ஒரு வெள்ளி. சாப்பாடு, மருந்து எல்லாம் அவுங்க. மூணு மாசத்துல வீட்டுக்கு வந்துடலாம்." மலாயா முழுக்க இதே வாக்குறுதியைத்தான் கொடுத்தார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை விடவே மாட்டார்: அன்றைக்குக் கிராணியின் இடது கன்னம் வீங்கியிருந்தது. குனிந்தது போதாது என்று முந்தின நாள்தான் அறை வாங்கியிருந்தார். அந்தக் கன்னத்தோடு நின்றுதான் பெயர்ப்பட்டியலைப் படித்தார்.

தம்பி முதலில் எழுதியதில் கிராணியே இல்லை. அதிகாரி ஒருவனே வந்து, கத்தி, பிடித்து, ஏற்றினான். எங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை. பட்டியலில் பெயரை எழுதியது தமிழில். கூப்பிட்டது தமிழ்க் குரல். நான் இதைச் சொன்னதும் அவன் நேராகக் கிராணியை வில்லனாக்கப் பார்த்தான். அதையும் விடவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று பாட்டியிடம் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அவனுக்குச் சொன்னத அவன் சொன்னான். அவன் தம்பி பேரும் அதுல இருந்திச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் நானோ தம்பியோ கற்பனை செய்து நிரப்பக்கூடாது என்று நினைக்கிறேன். வீங்கிய கன்னம் போதும்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய காட்சியைக் கொண்டுவந்தான். கும்மிருட்டு. கடிகாரத்தில் மணி ஆறு. அதிகாரி இரண்டு நிமிஷம் மூச்சு விடாமல் கத்துகிறான். மலாய் மொழிபெயர்ப்பு நாலு வரி. தமிழ் மொழிபெயர்ப்புக்குக் கிராணி வாயைத் திறக்கிறார், வீங்கிய கன்னத்தால் பேச்சு குழறுகிறது, வரிசையில் நிற்கிற பொடியன் ஒருவன் சிரித்துவிடுகிறான், மற்றவர்களுக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்கிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே 'மூணு மாசம், நாளுக்கு ஒரு வெள்ளி' என்ற வார்த்தைகள் வந்து விழுகின்றன. தூரத்தில் இன்னும் விடியவில்லை, சேவல் மட்டும் கூவுகிறது. நான் வாசித்துக்கொண்டே சிரித்தேன். சிரித்த நொடியே, இந்த வரிசையில் சின்னத் தாத்தா நிற்கிறார் என்று உறைத்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அப்புறம் திரும்பப் படித்துத்தான் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன்.

கொட்டகைக் காட்சியை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சாப்ளின் போய்விட்டார். திரையைக் காட்டவே வேண்டாம், பார்க்கிறவர்களின் முகத்தை மட்டும் காட்டு என்றேன். திரை வெளிச்சம் முகத்தில் ஆடும், சிரிப்பார்கள், தாழ் போடும் சத்தம் கேட்கும். யோசிக்கிறேன் பெரியம்மா என்று சொல்லியிருக்கிறான். கடைசித் திரையில் லட்சக்கணக்கை எடுத்துவிட்டு, எங்கள் லயத்தில் போனவர்கள் 11, வந்தவர்கள் 3 என்று போடுகிறான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மொத்த மதிப்பீடு.

வருகிற சனிக்கிழமை படப்பிடிப்பு. பக்கத்து ஊரில் ஒருவருடைய சிறுதோட்டத்தில் இன்னும் ரப்பர் மரம் நிற்கிறது, இடம் கொடுத்திருக்கிறார். கோணிப்பைச் சட்டைகளைத் தங்கை தைத்து முடித்துவிட்டாள். மரவள்ளிக்கிழங்கு நான் வேகவைத்து எடுத்துப் போகிறேன், 11 பொட்டலம், வாழையிலையில். கஞ்சி குடிக்கும் காட்சிக்குப் பழைய பால் மங்கு ஆறு வேண்டும், நாலு கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டு யாராவது வீட்டில் வைத்திருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பீங்கான் மங்குதான் வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம்.